31ஆம் நாள் மலருக்கு ஒரு சேர்ஜனின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் நினைவு மலர் அச்சாகி வந்துவிட வேண்டும். அந்த அவசரத்தில் வீட்டுக்காரர் பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாக எழுதி, தேவாரமும் நன்றி நவிலலும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, வெள்ளவத்தையில் தெரிந்த குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கைக் குறிப்புகளை நான் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு சேர்ஜனாகி (அறுவை மருத்துவராகி), சங்கத்துக்கும் கோயிலுக்கும் கடைசிவரை உழைத்த ஒருவரின் மகள், "மிஸ்ஸி, அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். அந்த வேலையில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

கடதாசிகளைத் தேடுவதற்கு முன் ஆட்களைப் பிடியுங்கள். கடதாசி காத்திருக்கும், எண்பது வயது ஆஸ்பத்திரி அற்றென்டன் காத்திருக்கமாட்டார். செத்தவீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் பேசாமல் போனவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரியாஸ்பத்திரியில் அவரோடு நின்ற தாதிமார், ட்ரொலி தள்ளியவர்கள், மயக்க மருந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்து போயிருப்பார்கள். அவர்களிடம் "சேர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனிசன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையுறை என்ன சைஸ், ஏழா ஏழரையா? எந்தக் கையால் தைப்பார்? இரத்தம் நிற்காதபோது குரல் உயருமா, தணியுமா? முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே காத்திருக்கும் தாயிடம் தானே போவாரா, ஹவுஸ் ஒஃபிசரான இளம் டொக்டரை அனுப்புவாரா? இப்படிக் கேளுங்கள். கையுறை சைஸில் தொடங்கிய தாதி ஒருவர் மின்சாரம் போன ஒரு இரவு முழுவதையும் எனக்குச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் வயிற்றை மூடியதை, நூல் வெட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் மெதுவாக "வெட்டு" என்றதை. மலரில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான். நோயாளியின் பெயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

படிப்பின் காலத்தைப் பட்டமே சொல்லிவிடும். கொழும்பு கின்சி வீதி மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமானது. பெயருக்குப் பின்னால் எல்.எம்.எஸ். என்றிருந்தால் பெரும்பாலும் பழைய கல்லூரிக்காரர், எம்.பி.பி.எஸ். என்றிருந்தால் பிந்தியவர். போருக்கு முன் டொக்டரா, பின்னா என்ற குழப்பம் இதிலேயே பாதி தீரும். எஃப்.ஆர்.சி.எஸ். (பிரித்தானிய அறுவை மருத்துவக் கல்லூரியின் ஃபெலோ) என்றால் லண்டனா எடின்பரோவா என்று சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், இரண்டும் வேறு வேறு கல்லூரிகள். லண்டன் கல்லூரி, மறைந்த ஃபெலோக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரிட்டனில் சேர்ஜன்மாருக்கு டொக்டர் என்று போடாமல் மிஸ்டர் என்று போடுவதே வழக்கம். பழைய கடிதத்தில் அப்படிக் கண்டால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

விமானப் பகுதியில்தான் குடும்பக் கதை மிக வேகமாக வளர்கிறது, அதனால் அங்கே கண்டிப்பாக இருங்கள். முதலில் அலுமாரியில் பைலட்டின் லொக் புத்தகத்தை, அதாவது பறப்புப் பதிவேட்டை, தேடுங்கள். திகதி, விமானத்தின் வகையும் இலக்கமும், என்ன வேலை, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி என்று வரிவரியாக இருக்கும். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். புத்தகம் இல்லையென்றால் சீருடைப் படத்தில் நெஞ்சுச் சின்னத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டு பக்கமும் சிறகிருந்தால் பைலட். ஒற்றைச் சிறகும் N எழுத்தும் என்றால் நவிகேற்றர், விமானத்துக்கு வழி கணிப்பவர். நவிகேற்றரும் அதே விமானத்தில் அதே குண்டுகளுக்கு நடுவே போய் வந்தவர்தான், ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், பிரிட்டன் தன் படையினருக்குக் கொடுத்த அந்தப் போரின் நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. அதிகாரியாக நியமனம் பெற்றிருந்தால் பிரித்தானிய அரச வர்த்தமானியான லண்டன் கெசற்றில் பெயர் வந்திருக்கும். சார்ஜன்ட் பைலட்டை அங்கே தேடிப் பயனில்லை. ஸ்குவாட்ரன்கள் எனும் விமானப்படைப் பிரிவுகளின் நாள்வழிப் பதிவுகள் லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் AIR 27 என்ற தொகுதியில் உள்ளன, இணையத்தில் தரவிறக்கலாம்.

கொழும்புக்காரர் என்றதும், 1942 ஏப்ரல் 5 ஞாயிறு யப்பானியரை எதிர்த்துப் பறந்தார் என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அன்று இரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன் போர் விமானங்களும், ரேஸ்கோர்ஸ் திடலிலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன்களும் எழும்பின, பிரித்தானியக் கடற்படையின் ஃபுல்மார் விமானங்களும் பறந்தன. அந்தத் திகதிக்கு எழுத்தில் சான்று இல்லாவிட்டால் மாமா மனம் நொந்தாலும் விட்டுவிடுங்கள். மகள் தந்த லொக் புத்தகத்தின்படி நம் சேர்ஜன் அப்போது கடல் கடந்து பயிற்சியில் இருந்தார்.

சமூகப் பணிக்கு "பல சங்கங்களில் அங்கம் வகித்தார்" என்ற வரி போதாது. கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அவர் எதை முன்மொழிந்தார், எதை எதிர்த்தார் என்று பாருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உருத்திரா மாவத்தையில் இருக்கிறது, பழைய மலர்களை அங்கே புரட்டலாம். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களுக்குப் பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். உத்தேசத் திகதியோடு போனால்தான் வேலை நடக்கும்.

1983 யூலைக் கலவரத்தில் வீட்டோடு கடதாசி எல்லாம் எரிந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அப்படியென்றால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினரிடம் போன கடிதங்களைக் கேளுங்கள், கலியாணப் படத்தின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாட்களைப் பற்றியும் விசாரியுங்கள். இரத்மலானை விமான நிலையத்தில் அகதிகள் தங்கியிருந்தபோது, இந்தச் சேர்ஜன் தன் வீட்டையும் இழந்த நிலையில் அங்கே போய்க் காயங்களுக்கு மருந்து கட்டினார் என்று இருவர் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் "என்று சொல்கிறார்கள்" என்றே எழுதியிருப்பேன்.

எழுதும்போது பிறந்த ஊரில் தொடங்காமல், அவர் வேலை செய்த ஒரு நாளில் தொடங்குங்கள். பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடலாம். வரைவை மூத்த பிள்ளைக்கு மட்டும் காட்டாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். அச்சானதும் ஒரு பிரதியை ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்துக்கு எண்ணிமப்படுத்தக் கொடுங்கள். லொக் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்துவிட்டே வீட்டாரிடம் திருப்பிக் கொடுங்கள்.