ட்யூலா கோட்டைக்குள்ள நாடகம் பாக்கப் போறீங்களா, இதப் படிச்சுட்டுப் போங்க

ஹங்கேரி வர்ற நம்மாளுங்க பாதிப்பேரு புடாபெஸ்ட்ட பாத்துட்டு அப்படியே வியன்னாவுக்குக் கெளம்பிடுறாங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா தயவுசெஞ்சு ஒரு ராத்திரிய ட்யூலாவுக்கு ஒதுக்குங்க. ருமேனியா எல்லைய ஒட்டுன சின்ன ஊரு, நடுவுல 15ஆம் நூற்றாண்டு செங்கல் கோட்டை, 1566ல துருக்கிக்காரங்க பிடிச்சு 1695 வரைக்கும் வச்சிருந்த கோட்டை அது, அங்க 1964லேருந்து கோடையில திறந்தவெளி நாடகம் நடக்குது. நெட்ல தேடுறப்போ ‘ட்யூலாய் வார்ஸின்ஹாஸ்’ (Gyulai Várszínház)னு தேடுங்க, ட்யூலா கோட்டைத் தியேட்டர்னு அர்த்தம்.

எந்த நாடகம்னு தேர்ந்தெடுக்குறதுலதான் எல்லாமே இருக்கு. நாடகமெல்லாம் பெரும்பாலும் ஹங்கேரியன்லதான், நமக்கு ஒரு வார்த்தை புரியாது, அதனால கதை ஏற்கனவே தெரிஞ்ச நாடகமா எடுங்க. 2005லேருந்து இங்க ஷேக்ஸ்பியர் விழாவும் நடத்துறாங்க, அந்தத் தேதில போக முடிஞ்சா ரொம்ப நல்லது. முந்தின நாள் ராத்திரி ஒவ்வொரு காட்சியிலயும் யாரு வர்றா, என்ன நடக்குதுன்னு ஒருதடவ படிச்சு வச்சுக்கோங்க, அது போதும். மொழி தெரியாம என்னத்தப் பாக்குறதுன்னு தயங்காதீங்க, ஹங்கேரியன்ல எந்தச் சொல்லுக்கும் முதல் அசையிலதான் அழுத்தம், கோபமா பேசுறப்போ தாளம் தட்டுற மாதிரியே கேக்கும், அர்த்தம் தெரியாமலே உடம்பு சிலிர்க்கும்.

டிக்கெட்ல ‘ஷோர்’ (sor)னா வரிசை, ‘ஸேக்’ (szék)னா நாற்காலி, ‘பால்’ (bal) இடது, ‘யோப்’ (jobb) வலது. நேரத்துல மட்டும் ரொம்ப கவனம், யாராச்சும் ‘ஃபேல் கிலென்ஸ்’னு சொன்னா பாதி ஒன்பதுன்னு வரும், ஆனா அது எட்டரை, ஒன்பதரை இல்ல! ஒன்பதரைன்னு நெனச்சுப் போனா பாதி நாடகம் போச்சு. மழை வந்தா மாத்தி வைக்கிற நாளுக்கு ‘எஷோநாப்’னு பேரு, டிக்கெட் எடுக்குறப்பவே அந்தத் தேதி போட்டிருக்கா, பாதில மழை வந்தா பணம் திரும்பக் கிடைக்குமான்னு பாத்துடுங்க.

புடாபெஸ்ட் கெலெத்தி ஸ்டேஷன்ல ரயில் ஏறி பேகேஷ்சாபால எறங்கி, அங்கேருந்து ட்யூலாவுக்கு சின்ன ரயில். பேகேஷ்சாபா வரைக்கும் ரெண்டரை மணி நேரம் பக்கம் ஆகும், இன்டர்சிட்டின்னா சீட் ரிசர்வேஷனும் சேத்து எடுக்கணும். வழி முழுக்க சமவெளி, ஜூலைல சூரியகாந்திக் காடு, ஊருக்கு ஊரு கம்பத்து மேல நாரைக் கூடு, தூங்காம பாத்துட்டே வாங்க. நாடகம் முடிய ராத்திரி பதினொன்னு கூட ஆகலாம், அன்னிக்கே திரும்பலாம்னு கணக்குப் போடாதீங்க, ரூம் போட்டுடுங்க.

மதியமே போய்ச் சேந்துட்டா கோட்டை பக்கத்துல இருக்குற வெந்நீர் ஊற்றுக் குளியல் இடமான வார்ஃப்யுர்தோவுல ஒரு குளியல், அப்புறம் 1840ல ஆரம்பிச்ச ‘ஸாஸேவெஷ்’ கேக் கடைல காபி. இந்த ஊரு பன்றி சாசேஜுக்குப் பேர் போனது, சைவம்னா லாங்கோஷ் சாப்பிடுங்க, புளிச்ச மாவ எண்ணெயில பொரிச்சு மேல பூண்டும் புளிப்பு க்ரீமும் சீஸும் போட்டுத் தருவாங்க, ஒண்ணு சாப்பிட்டா வயிறு ரொம்பிடும்.

டிரஸ் விஷயத்துல எல்லாரும் ஏமாறுறது இங்கதான். பகல்ல வெயில் மண்டைய பொளக்கும், ராத்திரி பத்துக்கு மேல ஜில்லுனு ஆயிடும், பையில ஒரு ஸ்வெட்டரும் முழங்கால் மூட ஒரு சால்வையும் வச்சுக்கோங்க. கோட்டைய ஒட்டி ஏரி, ஊருக்குள்ள கால்வாய் ஓடுது, அதனால கொசு இருக்கும், முழுப் பேண்ட் போட்டு கணுக்காலுக்குக் கொசு மருந்து தடவிட்டுப் போங்க. நான் மொதல்தடவ செருப்போட போய் முதல் பாதி பூரா கால சொறிஞ்சுட்டே உக்காந்திருந்தேன்.

அரை மணி நேரம் முன்னாடியே சீட்ல உக்காருங்க. ஜூலைல எட்டரை வாக்குலதான் சூரியன் மறையும், செங்கல் சுவரு மொதல்ல ஆரஞ்சா இருக்கும், அப்புறம் கருஞ்சிவப்பு, அப்புறம் மேடை லைட்டு மட்டும். நடுவுல சுவத்துல கை வச்சுப் பாருங்க, பகல் சூடு இன்னும் உள்ள இருக்கும்.

முடிஞ்சதும் கைதட்டு சும்மா கலகலன்னு ஆரம்பிச்சு, யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரே தாளத்துக்கு வந்துடுவாங்க, டப், டப், டப்புனு மொத்தக் கூட்டமும். ‘வஷ்தாப்ஷ்’னு பேரு, இரும்புக் கைதட்டல். நடிகருங்க திரும்பத் திரும்ப வந்து குனிஞ்சுட்டுப் போவாங்க. அந்த நேரத்துல மொபைல எடுக்காதீங்க, ரெண்டு கையும் வேணும்.