வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஏமாந்த பணத்தை மீட்க

நடவு முடிந்து களையெடுக்க ஆள் கிடைக்காத நாட்களில், மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கைப்பேசி விளம்பரத்தில் கண்ட மோட்டார் களையெடுப்பானுக்குப் பணம் கட்டினால், வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பொட்டலத்தில் உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் களைக்கொத்துதான் இருக்கிறது. இப்படி நேர்ந்தால் முகவரிச் சீட்டு தெரியும்படி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் பொருளைப் படமெடுங்கள். விளம்பரம் மறைவதற்குள் அதையும் ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விற்பனையாளரிடம் முழுத் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். பொருளை வைத்துக்கொண்டு ஒரு பகுதிப் பணத்தைப் பெறுமாறும், இல்லையேல் சொந்தச் செலவில் திருப்பி அனுப்புமாறும் பதில் வரலாம். அதற்குச் சம்மதிக்காதீர்கள், இந்தப் பேரத்தில் நாட்கள்தான் கரையும்.

விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளில் செலுத்தியிருந்தால், பொருள் விவரித்தபடி இல்லை என்று அட்டை வழங்கிய வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ (செலுத்திய பணத்தை விற்பனையாளரிடமிருந்து வங்கி வழியே திரும்பப் பெறும் முறை) கேட்கலாம். இதற்குப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு, எனினும் வங்கியிடம் உடனே எழுதுவதே நல்லது. பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் செலுத்தியிருந்தால், செலுத்திய 180 நாட்களுக்குள் அதிலேயே புகார் பதியலாம். பதிந்த 20 நாட்களுக்குள் அதைப் பேபாலே விசாரித்து முடிவு சொல்லும் கோரிக்கையாக (claim) உயர்த்தாவிட்டால் புகார் தானாகவே முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆனால் வெளிநாட்டில் இருப்பவரிடம் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம் என்பதால், முதலில் வங்கி வழியையே முயலுங்கள்.