பழைய கணக்கைக் கிடப்பில் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாஸ்வேர்டு தெரியும், வேண்டும்போது உள்ளே போய்க்கொள்ளலாம் என்று இணையக் கணக்கை வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. கூகுளில் தனிநபர் கணக்கு இரண்டு வருடம் சும்மா கிடந்தால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றையும் சேர்த்தே அழித்துவிடலாம், 2023 டிசம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. வாட்ஸ்அப்பில் பொதுவாக 120 நாள்தான். எச்சரிக்கை வராதா என்றால், கூகுள் அனுப்பத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கணக்குக்கும் அதில் கொடுத்து வைத்த மீட்பு மின்னஞ்சலுக்கும்தான். ரெண்டையுமே நீங்கள் திறப்பதில்லை என்றால் யார் படிப்பது?

இதைவிடப் பெரிய வில்லங்கம், செத்துப்போன மின்னஞ்சலை மற்ற கணக்குகளுக்கு மீட்பு முகவரியாக விட்டுவைப்பது. 2013இல் யாஹூ, 12 மாதம் தொடாமல் கிடந்த ஐடிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய ஆளின் அந்தரங்க மெயில்கள் வந்து கொட்டின. அப்படி ஒரு முகவரியை வாங்கியவர் ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் போதும், புது பாஸ்வேர்டு போடும் லிங்க் நேராக அவருக்கே வரும், உங்கள் கணக்கு அவருடையதாகிவிடும், ஹேக்கிங் கீக்கிங் எதுவும் வேண்டாம். அழிந்த ஜிமெயில் முகவரியை கூகுள் வேறு யாருக்கும் தருவதில்லை, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் புதுப்பிக்காமல் விட்ட டொமைனையும் (உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரி), நீங்கள் கைவிட்ட மொபைல் எண்ணையும் இன்னொருவர் வாங்கலாம். எண்ணை மாற்றினால் ஓடிபி வருகிற எல்லா இடத்திலும் உடனே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பெயர் விஷயம், அதாவது தளத்தில் கணக்குக்கு வைக்கும் பயனர்பெயர். ‘இந்தப் பெயரில் எவனோ பத்து வருஷமாக ஒரு பதிவுகூடப் போடவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்’ என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். 2019 நவம்பரில் ட்விட்டர், ஆறு மாதம் லாகின் செய்யாத கணக்குகளை நீக்கப்போவதாகச் சொன்னது. இறந்துபோனவர்களின் பக்கங்களும் போய்விடுமே என்று எதிர்ப்பு கிளம்பவே நிறுத்திவைத்தது. அவசரப்பட்டு இடைத்தரகரிடம் காசு கொடுத்துப் பெயர் வாங்காதீர்கள், பல தளங்களில் அது விதிமீறல், காசும் போகும் கணக்கும் முடங்கும். பதிவு செய்த வணிக முத்திரை கையில் இருந்தால் அதை வைத்துப் புகார் கொடுக்கலாம், அது தனி வழி.

சொந்தப் பயனர்பெயரை விளையாட்டாக மாற்றுவதும் ஆபத்துதான். புரோகிராமர்கள் கோடு (நிரல்) போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் பெயரை மாற்றினால் பழையதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் உங்கள் ரெப்போவின் (கோடு வைத்திருக்கும் தொகுப்பு) பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினால், பழைய லிங்க்கை நம்பி வருகிறவர்கள் அவருடைய கோடுக்குப் போய்ச் சேருவார்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் இதற்கு நேர்மாறு: அழித்த பெயர் உங்களுக்கே திரும்பக் கிடைக்காது.

கூகுளில் ‘இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று ஒன்று இருக்கிறது, பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே குறித்துவைக்கலாம், 10 பேர் வரை.