ரஸ்ட்டில் பெரிய அரேயை ஹீப்பில் வைக்க
ரஸ்ட் மொழியில் 16 மெகாபைட் அரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) ஒன்றை, மதிப்பை ஹீப்பில் வைக்கும் பாக்ஸ் நியூவுக்குள் (Box::new) எழுதினால் அது நேரே ஹீப்புக்கு, அதாவது நிரல் தேவைப்படும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதிக்குப் போய்விடும் என்றுதான் நினைப்போம். ஆனால் அரே முதலில் ஸ்டாக் எனும் அளவு குறைந்த நினைவகப் பகுதியில் உருவாகி, பிறகே ஹீப்புக்கு நகர்த்தப்படுவதால், லினக்ஸில் வழக்கமாக 8 மெகாபைட்டே உள்ள முதன்மைத் திரெட்டின் ஸ்டாக் நிரம்பி, டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான, வேகப்படுத்தப்படாத வடிவில்) நிரல் நின்றுவிடும். வேகப்படுத்தப்பட்ட ரிலீஸ் பில்டில் கம்பைலர் அந்த நகர்த்தலை நீக்கிவிடக்கூடும் என்பதால் பிழை கண்ணில் படாமலே போவதுதான் பெரிய தொல்லை. கம்பைலரின் அந்த நீக்கத்தை நம்ப வேண்டாம்.

மாறாக, மதிப்புகளை நேரே ஹீப்பில் உருவாக்கும் வெக் மேக்ரோவில் (vec!) சுழியத்தையும் நீளத்தையும் கொடுத்து, இன்டூ பாக்ஸ்டு ஸ்லைஸ் மெதடை அழைத்து, கிடைத்ததை டிரை இன்டூ மூலம் நிலையான நீளமுள்ள அரேயின் பாக்ஸாக மாற்றிக்கொள்ளுங்கள். நீளம் பொருந்தாவிட்டால் மட்டுமே இந்தக் கடைசி மாற்றம் தோற்கும்; அதில் தரவு நகலெடுக்கப்படுவதில்லை.