ஓமான் மலைகளில் பழைய கடலடியைக் களத்தில் அறிவது எப்படி?

ஓமானின் ஹஜர் மலைத்தொடரில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் செமாயில் ஓஃபியோலைட், சுமார் 9.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடலடி மேலோடும் அதன் கீழிருந்த கவசப் பாறையும் அரேபியத் தட்டின் விளிம்பின் மேல் ஏறி அமர்ந்த தொகுதியாகும். குழம்பு உறைந்து உருவாகும் பசால்ட்டும் கேப்ரோவும் பல சூழல்களில் தோன்றக்கூடியவை என்பதால், தனித்தனிப் பாறைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது மட்டும் போதாது. எது எதன் மேல் இருக்கிறது, இரண்டும் சேரும் இடம் எப்படி இருக்கிறது என்பதே இங்கு முதன்மையான சான்று.

1972ஆம் ஆண்டு புவியியலாளர்களின் பென்ரோஸ் மாநாடு வரையறுத்த ஓஃபியோலைட் வரிசையில் அடியில் கவசப் பாறையான பெரிடோடைட், அதன்மேல் கேப்ரோ, அடுத்துப் பிளவுகளில் குழம்பு நுழைந்து சுவர்போல் உறைந்து நெருக்கமாக நிற்கும் டைக்குகள், உச்சியில் நீருக்கடியில் உருண்டைகளாக உறைந்த தலையணை லாவா ஆகியவை அமைகின்றன. பிளவுப்பெயர்ச்சிகளால் இவற்றில் ஓர் அடுக்கு காணாமல் போயிருந்தாலும், அதை மட்டும் வைத்து ஓஃபியோலைட் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பெரிடோடைட் வெளிப்புறத்தில் துருவேறிய பழுப்பாகவும், உடைத்த பரப்பில் கரும்பச்சையாகவும் இருக்கும். மஸ்கட் நகரைச் சூழ்ந்த கரிய குன்றுகளிலேயே இதைப் பார்த்துவிடலாம். இழையிழையாகப் பிரியும் வெண்ணிற நரம்புகள் கல்நாராக இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுத்தியலால் அடித்துத் தூசி கிளப்பாதீர்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் டைக்குகள்தான். சூடான குழம்பு குளிர்ந்த பாறைக்குள் நுழையும்போது அதன் ஓரம் விரைவில் உறைந்து, நடுப்பகுதியைவிட நுண்மணியாகிவிடுகிறது. ஆகவே கைலென்ஸுடன் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மணிகளின் அளவு மாறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல டைக்குகளில் நுண்மணி ஓரம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அடுத்து வந்த குழம்பு அந்த டைக்கை நடுவே பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளிவிட்டதே அதற்குக் காரணம். இடையில் வேறு பாறையே இல்லாமல் டைக்குக்குள் டைக்காக நிற்கும் இந்த அமைப்பைவிடக் கடல்தரை விரிந்ததற்குத் தெளிவான களச்சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

தலையணை லாவாவுக்கு சோஹார் நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் செல்லும் வாடி ஜிஸ்ஸி என்ற வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கு பேர்பெற்றது. ஒவ்வொரு தலையணையும் மேலே குவிந்து, கீழே இரண்டு தலையணைகளின் இடுக்கில் கூராக இறங்கியிருக்கும் என்பதால், அடுக்கு தலைகீழாகியிருக்கிறதா என்பதை இந்தக் கூர்முனையைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

ஓஃபியோலைட்டுக்குக் கீழே ஹவாசினா எனப்படும் கடற்படிவுகளைத் தேடுங்கள். கடல்தட்டு அமிழும்போது அதன் மேலிருந்த படிவுகள் சுரண்டப்பட்டு ஆப்பு வடிவில் குவிவதால், செந்நிறச் செர்ட் (கடினமான சிலிக்காப் பாறை), சுண்ணக்கல், மணற்கல் ஆகியவை ஒரே சரிவில் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இடையூறின்றிப் படிந்த ஒரே தடித்த அடுக்காக எண்ணி உயரத்தை அளந்தால் கணக்கு முழுவதும் தவறிவிடும். வரிசை ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்கும் இடத்தில் நசுங்கிய, வழுக்கிய பரப்பு இருக்கிறதா என்று பார்த்து, அங்கே ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின் மேல் ஏறியதைக் காட்டும் உந்துபிளவுக் கோட்டை வரைபடத்தில் குறியுங்கள். பொதுவாக, கரையிலிருந்து தொலைவில் படிந்தவை மேலேயும் கரைக்கு அருகில் படிந்தவை கீழேயும் இருக்கும். செர்ட்டிலுள்ள ரேடியோலேரியா எனும் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களின் வயதை ஆய்வகத்தில் கண்டறிந்தால், இளைய பாறைமேல் மூத்த பாறை ஏறிய இடங்களில் நீங்கள் வரைந்த கோடுகள் சரியா என்பது தெரிந்துவிடும்.