அலுமினிய எஞ்சின் மீண்டும் பளபளக்க

கார் எஞ்சினின் அலுமினியப் பாகங்கள் மங்கி, வெள்ளை பூத்துக் கிடக்கிறதா? முதலில் ஒன்று: காஸ்டிக் சோடா கலந்த எந்தக் கிளீனரையும் அதன் மேல் ஊற்றாதீர்கள். அதிலுள்ள காரம் (அல்கலி) அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும். கம்பி நாரும் வேண்டாம், கீறல் விழும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி), ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கி மூடுங்கள். (சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் மீண்டும் மாட்டும்போது ரேடியோ ரகசிய எண் (code) கேட்கும், அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.)

டிகிரீசர் தெளித்து, பழைய டூத் பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுங்கள். பிசுக்கு இருக்கும்வரை எதைத் தேய்த்தாலும் பளபளப்பு வராது.

அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, துணியில் நனைத்துத் தேய்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும் ஆக்சைடு படலம் மெல்ல இளகும். சில நிமிடங்களில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அமிலம் அங்கேயே காயக்கூடாது. பிரஷர் பைப்பால் தண்ணீர் அடிப்பது நல்லதல்ல, ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்துவிடும்.

கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் கடைசியில் மெட்டல் பாலிஷ் போடலாம். முழுக்கக் காய்ந்த பின்பே பேட்டரியை மாட்டுங்கள்.