எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரில் சாதம் உதிரி உதிரியாக வர

எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரில் சாதம் குழைந்துபோனால் பலரும் வேகும் நேரத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். அடுத்த முறை சாதம் வெளியே பசையாகவும் உள்ளே விதைவிதையாகவும் வந்து நிற்கும். குழைவுக்குக் காரணம் அநேகமாக நேரம் இல்லை. கூடுதல் தண்ணீரும் சரியாகக் களையாத மாவும்தான். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் நேரத்தில் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் சாதம் கெடாது.

விசில் குக்கரில் ஒவ்வொரு விசிலுக்கும் ஆவி வெளியேறும். திறந்த பாத்திரத்தில் இன்னும் அதிகம். அதனால் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று கை பழகியிருக்கும். எலெக்ட்ரிக் குக்கர் அப்படி ஆவியை விடுவதில்லை. சூடேறும்போது, மூடியில் உள்ள சிறு மிதவை முள் மேலே எழும்வரை கொஞ்சம் ஆவி கசியும். முள் எழுந்து பூட்டிக்கொண்டதும் கிட்டத்தட்ட எதுவும் வெளியே போகாது. வெள்ளை அரிசி எந்த ரகமானாலும், வேக அதற்கு வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய அதன் கொள்ளளவுக்குச் சமம். ஊற்றுவது முழுவதும் அரிசிக்குள்ளேயே போகும் என்று வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

ஆக, கழுவி நன்றாக வடித்த வெள்ளை அரிசி ஒரு கப்புக்குத் தண்ணீர் ஒரு கப். இரண்டையும் ஒரே கப்பால் அளக்க வேண்டும். இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 160 அல்லது 180 மில்லிதான் பிடிக்கும். சமையல் குறிப்புகளில் வரும் கப் 240 அல்லது 250 மில்லி. அரிசியைச் சின்னக் கப்பாலும் தண்ணீரைப் பெரிய கப்பாலும் அளந்தால் தண்ணீர் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சாதம் களியாக அதுவே போதும்.

தராசு இருந்தால் தராசே மேல்

கப் அளவில் இன்னொரு சிக்கல் உண்டு. களைந்த அரிசியில் ஒட்டியிருக்கும் ஈரம் கணக்கில் வராது. அவசரமாக வடித்தால் கப்புக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஊறவைத்த அரிசி என்றால் இன்னும் அதிகம். அரைமணி நேரம் ஊறினாலே அரிசியின் எடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

இதைச் சமாளிக்க எளிய வழி மொத்த எடையைப் பார்ப்பது. காய்ந்த அரிசியை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 2.25ஆல் பெருக்கினால் 900. அரிசியைக் களைந்து, வேண்டுமானால் ஊறவைத்து, வடித்துவிடுங்கள். குக்கரின் உள்பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, ஈர அரிசியைப் போடுங்கள். பிறகு தராசு 900 கிராம் காட்டும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி எவ்வளவு நேரம் ஊறியது, எவ்வளவு வடிந்தது என்ற கவலையே இல்லை. உள்ளே போன ஈரமும் மேலே ஊற்றியதும் சேர்ந்து எப்போதும் ஒரே அளவாக அமையும். அதே அரிசியை மறுமுறை வைக்கும்போது சாதமும் அதே பதத்தில் வரும். கப் அளவில் இந்த உறுதி கிடைக்காது.

2.25 என்பது தொடக்கம்தான். பழைய அரிசி நன்றாகக் காய்ந்திருக்கும், 2.3 வரை கேட்கும். புது அரிசி சீக்கிரம் குழையும், 2.15க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை அரிசிக்கு ஒருமுறை எண்ணைக் கண்டுபிடித்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிட்டால் அந்த மூட்டை தீரும்வரை யோசிக்க வேண்டாம்.

களைவது

ஆலையில் தீட்டும்போதும் மூட்டையில் உரசும்போதும் அரிசியின் மேல் மெல்லிய மாவு படிகிறது. சூடேறும்போது முதலில் கூழாவது இதுதான். பருக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதும், அடியில் படிந்து தீய்வதும், நுரையாகப் பொங்கி வால்வு வழியாகத் துப்புவதும் இதே மாவுதான். அகலமான பாத்திரத்தில் அரிசி மூழ்கத் தண்ணீர் விட்டு, விரல்களால் அளைந்து, கொட்டிவிடுங்கள். கசக்கித் தேய்க்க வேண்டாம். நீள அரிசி உடையும். உடைந்த முனைகளிலிருந்து புதிதாக மாவு வரும். மூன்று நான்கு தண்ணீரில் கழுநீர் பால்போல் இருந்தது லேசான மங்கலாகத் தெளியும். கண்ணாடிபோல் தெளிய வேண்டும் என்று பத்து முறை கழுவ அவசியமில்லை.

பிறகு சல்லடையில் கொட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். தராசு இல்லாமல் கப்பால் அளப்பவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடக் கூடாது.

பாஸ்மதிக்கு அரைமணி ஊறல் நல்லது. நடுப்பகுதிக்கு முன்பே ஈரம் போய்விடுவதால் மணி நீளமாக விரியும், முறியாது. மல்லிகை அரிசி எனப்படும் ஜாஸ்மினை ஊறவைக்க வேண்டாம். அது இயல்பிலேயே மெத்தென்றது.

குக்கரில் வைத்து இறக்கும்வரை

உள்பாத்திரத்தின் வெளி அடிப்பக்கம் ஈரமில்லாமல் இருக்கட்டும். அரிசியும் தண்ணீரும் போட்டபின் கையால் ஒருமுறை சமப்படுத்தி, எல்லா அரிசியும் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் ஒட்டிய மணிகளைக் கீழே தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் அவை வேகாமல் நின்று சாதத்தில் கடிபடும். கப்புக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் நுரையை அடக்கும். உப்பு கப்புக்கு அரைத் தேக்கரண்டி. சாதம் வெள்ளையாக வேண்டும் என்றால் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம்.

கேஸ்கட் மூடியின் வளையத்துக்குள் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். வால்வை மூடிய நிலைக்குத் திருப்புங்கள். பிறகு கையால் அழுத்தமும் நேரமும் அமைக்கும் பட்டனைத் தேர்ந்தெடுத்து, அதிக அழுத்தம், 4 நிமிடம். பாஸ்மதி ஊறியிருந்தால் 3 போதும்.

‘ரைஸ்’ என்று தனிப் பட்டன் இருக்கிறதே என்று கேட்கலாம். பல கருவிகளில் அது குறைந்த அழுத்தத்தில், நீண்ட நேரம் ஓடும்படி அமைந்திருக்கும். அதில் சாதம் கெட்டுப்போகாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது நம் கையில் இருக்காது. அடுத்த முறை எதைத் திருத்துவது என்றும் தெரியாது. பதம் பிடிபடும்வரை கையால் அமைப்பதே நல்லது.

திரையில் போட்ட 4 நிமிடம், அழுத்தம் ஏறிய பிறகே ஓடத் தொடங்கும். அதற்கு முன் சூடேறவே ஆறு முதல் பத்து நிமிடம் ஆகும். அப்போதும் அரிசி வெந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் இரண்டு கப் வைத்தாலும் நான்கு கப் வைத்தாலும் நேரத்தைக் கூட்ட வேண்டாம்: அளவு கூடினால் சூடேறும் நேரம் தானாகவே கூடிவிடும். அழுத்தம் ஏறியபின் உள்ளே வெப்பம் சுமார் 115 முதல் 118 டிகிரி செல்சியஸ். அடுப்பில் வைக்கும் குக்கரில் 121 வரை போகும் என்பதால் அதன் நேரத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

நேரம் முடிந்து மணி அடித்ததும் வால்வைத் தொடாதீர்கள். உதிரியான சாதத்துக்கு மிகவும் தேவையான பத்து நிமிடம் இதுதான். அந்த நேரத்தில் பருக்கைக்குள் இருக்கும் தண்ணீரும் நூறு டிகிரிக்கு மேல் இருக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. வால்வைச் சட்டென்று திறந்தால் அழுத்தம் விழும், பருக்கைக்குள்ளேயே தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், மணி வெடித்து மாவு வெளியே வரும். வால்வு வழியாகக் கஞ்சி பீறிடுவதும் இதனால்தான். பத்து நிமிடம் விட்டால் அழுத்தம் மெல்லத் தணியும். மேலும் ஈரமும் கீழும் மேலுமாகப் பரவிச் சமப்படும். அதற்குப் பிறகும் முள் இறங்காமல் இருந்தால், கை நீண்ட கரண்டியால் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முகமும் கையும் ஆவிக்கு நேரே இருக்கக் கூடாது. நுரை வந்தால் மூடிவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் தூக்குங்கள். உள்ளே கோத்திருக்கும் தண்ணீரைச் சாதத்தின் மேல் வடிய விடாதீர்கள். உடனே கிளறவும் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் திறந்தபடி விட்டால் மேல் ஈரம் ஆவியாகி, பருக்கையின் வெளித்தோல் கொஞ்சம் இறுகும். பிறகு முள்கரண்டியாலோ தட்டையான மரக்கரண்டியாலோ ஓரத்திலிருந்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். அழுத்திக் கிளறினால் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் வீண்.

எந்த அரிசிக்கு எவ்வளவு

உதிரியாக வருமா என்பதைப் பாதிக்கு மேல் அரிசியே முடிவு செய்கிறது. அமிலோஸ் என்னும் மாவுச்சத்து கூடுதலாக இருக்கும் நீள அரிசி இயல்பாகவே பிரிந்து நிற்கும். பாஸ்மதி அந்த வகை. ஜாஸ்மின் மெதுவாக, லேசாகச் சேர்ந்து வரும். குட்டையான உருண்டை அரிசியில் அமிலோஸ் குறைவு. அதை எப்படிக் களைந்தாலும், எவ்வளவு குறைத்து ஊற்றினாலும் ஒட்டத்தான் செய்யும். அதற்காகத்தான் அந்த அரிசியை வாங்குகிறார்கள்.

புழுங்கல் அரிசி உமியோடு இருக்கும்போதே அவிக்கப்பட்டது. மாவு ஒருமுறை கூழாகி இறுகியிருப்பதால் பருக்கை ஒட்டாது, ஆனால் வேக நேரமும் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். மொத்த எடை 2.6இல் தொடங்குங்கள், தடித்த மணியானால் 2.8. மெல்லிய மணிக்கு 8 நிமிடம், தடித்ததற்கு 12. தீட்டாத பழுப்பு அரிசிக்கு மொத்த எடை 2.5, நேரம் 22 நிமிடம். மேலே இருக்கும் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும், அதனால் இவ்வளவு நேரம். எல்லாவற்றுக்கும் இறுதிப் பத்து நிமிடம் பொது.

கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களில், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தில் 5 விழுக்காடு கூட்டுவது வழக்கம். வெள்ளை அரிசிக்கு அது ஒரு நிமிடத்தைத் தாண்டாது. தண்ணீரைக் கூட்ட வேண்டியதில்லை.

கொஞ்சமாக வைக்கும்போது

ஒரு கப்புக்குக் குறைவாக வைத்தால்தான் இந்தக் குக்கர் தொல்லை தரும். முள் எழும்வரை கசியும் ஆவி, அரிசி எவ்வளவு என்று பார்த்துக் கசிவதில்லை. நான்கு கப் அரிசியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீர் போனால் தெரியாது. அரைக் கப்பில் அது பெரிய பங்கு. தவிர, குக்கர் அழுத்தம் பிடிக்கவே அளவைப் பொறுத்து 250 முதல் 500 மில்லி நீர் குறைந்தபட்சம் தேவை. உங்கள் குக்கருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

அப்போது பாத்திரத்துக்குள் பாத்திரம் வைப்பதே சரி. வெளிப்பாத்திரத்தில் குறைந்தபட்சத் தண்ணீரை ஊற்றி, தாங்கியை வைத்து, அதன்மேல் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசியையும் அளந்த தண்ணீரையும் வையுங்கள். கிண்ணம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. மூடியிலிருந்து சொட்டும் நீர் விழாதபடி மேலே ஒரு தட்டு. மொத்த எடை அதே 2.25தான். கிண்ணத்துக்குச் சூடு மெல்லப் போவதால் 6 நிமிடம், பிறகு பத்து நிமிடம் காத்திருப்பு. அடிப்பிடிக்க வாய்ப்பே இல்லை.

அதிகமாக வைப்பவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அரிசி உப்பும் பொருள் என்பதால் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து உள்பாத்திரத்தின் பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுரை வால்வை அடைத்துவிடும்.

சரியாக வராவிட்டால்

சாதம் மொத்தமாக விதைவிதையாக இருந்தால் கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரைப் பரவலாகத் தெளித்து, மூடி, சூடு ஏற்றாமல் பத்து நிமிடம் விடுங்கள். மேலே மட்டும் வேகாமல் கீழே சரியாக இருந்தால், அரிசியைச் சமப்படுத்தாமல் வைத்ததோ ஆவி கசிந்ததோ காரணம். கேஸ்கட் தளர்ந்து சுருங்கியிருந்தால் மூடியின் ஓரத்தில் ஆவி தெரியும், முள் எழவும் தாமதமாகும். வெறும் தண்ணீரை மூன்று கப் ஊற்றி 5 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள்.

அடி தீய்வதாகத் திரையில் எச்சரிக்கை வந்தால் பாத்திரத்தின் அடியிலிருக்கும் வெப்ப உணரி அளவுக்கு மேல் சூட்டை உணர்கிறது என்று பொருள். சரியாகக் களையாத மாவு படிந்திருக்கலாம். அல்லது அதே பாத்திரத்தில் முதலில் ஏதாவது வதக்கி, ஒட்டியதைச் சுரண்டாமல் அரிசியைப் போட்டிருக்கலாம். வதக்கியபின் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடியை மரக்கரண்டியால் சுரண்டிவிட்டே அரிசி போட வேண்டும். அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும்.

குழைந்துவிட்ட சாதத்தை முழுதாக மீட்க முடியாது. அகலத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, விசிறிக் காற்றில் பத்து நிமிடம் விட்டால் கொஞ்சம் இறுகும். அதே அரிசிக்கு அடுத்த முறை பெருக்கும் எண்ணை 0.1 குறையுங்கள். ஒரேயடியாக அதிகம் குறைத்தால் விதையாகிவிடும்.

சாதம் ஆனதும் பல குக்கர்கள் தாமாகவே சூடு காக்கும் நிலைக்குப் போய்விடும். பத்து நிமிடக் காத்திருப்புக்கு அது இடைஞ்சல் இல்லை. மணிக்கணக்கில் விட்டால் அடி காய்ந்து மஞ்சளாகும், எனவே திறந்ததும் நிறுத்திவிடுங்கள். மிஞ்சியதை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை, வெதுவெதுப்பில் பெருகி நச்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். சூடாக்கும்போது கப்புக்கு ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடியபடி ஆவி பறக்கச் சூடாக்கினால் இறுகிய பருக்கைகள் மறுபடி பிரியும்.